கல்லும் காற்றும்

மே மாதம் பிறந்துவிட்டால் கோலார் தங்க வயலின் ராபர்ட்சன்பேட்டை சந்தையில் மாம்பழ வாசனை தூக்கும். அதே மாவட்டத்து ஸ்ரீனிவாசபுரத் தோட்டங்களிலிருந்து பாதாமி, ராஸ்புரி, மல்லிகா, தோத்தாபுரி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கும். கர்நாடகத்தின் பெரிய மாம்பழ மாவட்டம் கோலார். அந்த மாவட்டத்தின் மாம்பழத் தலைநகரம் ஸ்ரீனிவாசபுரம். கூறு கட்டி வைத்த பழத்தைக் கையில் எடுத்து முகர்ந்து பார்க்கும் வாடிக்கையாளர், விலை கேட்பதற்கு முன்பே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "கல்லு வெச்சதா?" இல்லை என்று சத்தியம் செய்யாத வியாபாரி இல்லை. சத்தியத்தை நம்புகிற வாடிக்கையாளரும் அதிகம் இல்லை.

கேள்வி நியாயமானது. ஆனால் அந்தக் கேள்விக்குள் பல வேறு சங்கதிகள் ஒரே கூடையில் கிடக்கின்றன. கார்பைடு கல், எத்திலீன் வாயு, திரவத்தில் முக்குவது, புகை மூட்டம் போடுவது எல்லாமே 'கெமிக்கல்' என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கிவிடுகின்றன. இவற்றில் ஒன்று சட்ட விரோதமான நஞ்சு. இன்னொன்று மாம்பழம் தானே தயாரித்துக் கொள்ளும் வாயு. இரண்டுக்கும் பொதுவாக ஒரு பயம்.

பெயரைப் பார்த்துப் பயப்படுவது தங்க வயலுக்குப் பழக்கமான விஷயம்தான். ஊரைச் சுற்றி நிற்கும் மேடுகளை எல்லோரும் 'சயனைடு மேடு' என்கிறார்கள். பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவு அது: 13 மேடுகள், சுமார் 3.3 கோடி டன். சயனைடு வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் பெரிதும் சிதைந்துவிடக் கூடியது. சிதையாதது பாறைத் தூள். காற்று வீசும் மாதங்களில் வீட்டுக்குள் வந்து படிவதும், நெஞ்சுக்குள் இறங்குவதும் அந்தச் சிலிக்காத் தூள்தான். சுரங்கத் தொழிலாளிகளின் நுரையீரலைத் தின்ற சிலிக்கோசிஸ் நோய்க்கும் காரணம் அதுவே. பெயரில் இருப்பது சயனைடு, பிரதான எதிரி தூசி. பயம் தவறில்லை, விலாசம்தான் தவறு.

மாம்பழத்திலும் விலாசத்தைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

இரண்டு கார்பன் அணு, நான்கு ஹைட்ரஜன் அணு. எத்திலீன் அவ்வளவுதான். நிறமில்லாத, லேசான இனிப்பு வாசனை கொண்ட, காற்றைவிடச் சற்றே எடை குறைந்த வாயு. விலங்குகளுக்கும் மனிதருக்கும் ரத்தத்தில் ஓடும் ஹார்மோன்கள் இருப்பதுபோல் தாவரங்களுக்கும் உண்டு. அவற்றில் வாயு வடிவில் இருப்பதாக முதலில் அறியப்பட்டது எத்திலீன்.

மாங்காய் மரத்தில் இருக்கும்போது மாவுச்சத்தைச் சேர்த்துக்கொண்டே போகிறது. முற்றியபின் ஒரு கட்டத்தில் அதன் செல்களில் எத்திலீன் சுரக்கத் தொடங்குகிறது. அது உத்தரவு மாதிரி. உத்தரவு கிடைத்ததும் நொதிகள் வேலையில் இறங்குகின்றன. ஒரு கூட்டம் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிறது. இன்னொரு கூட்டம் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினைக் கரைத்துச் சதையை மெத்தென்று ஆக்குகிறது. தோலின் பச்சையம் சிதைந்து அடியில் இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. புளிப்பு குறைகிறது, வாசனை பிறக்கிறது. பழம் வேகமாக மூச்சு விடுகிறது, சூடும் ஏறுகிறது.

இதில் ஒரு விசேஷம், எத்திலீன் பட்ட பழம் மேலும் எத்திலீனைச் சுரக்கும். அது பக்கத்துக் காயைத் தொட, அதுவும் சுரக்கும். அரிசிப் பானையில் மாங்காயைப் புதைத்து வைத்த பாட்டிமார்களுக்கும், வைக்கோல் பரப்பி மூடி வைத்த தோட்டக்காரர்களுக்கும் எத்திலீன் என்ற பெயர் தெரியாது. ஆனால் காற்று வெளியே போகாமல் மூடினால் காய் சீக்கிரம் கனியும் என்பது தெரியும். வாழைத்தாருக்குப் புகை மூட்டம் போடுவதும் இதே கணக்கு. இலை தழை புகைந்து எரியும்போது வரும் வாயுக்களில் எத்திலீனும் உண்டு.

எல்லாப் பழமும் இந்த உத்தரவுக்குக் கட்டுப்படுவதில்லை. மா, வாழை, பப்பாளி, சப்போட்டா, கொய்யா, தக்காளி ஆகியவை பறித்த பிறகும் பழுக்கும். திராட்சை, ஆரஞ்சு, எலுமிச்சை, அன்னாசி ஆகியவை அப்படியல்ல; மரத்திலோ செடியிலோ கொடியிலோ இருந்தபோது எவ்வளவு இனிப்போ அவ்வளவுதான். பறித்த ஆரஞ்சுக்கு எத்திலீன் காட்டினால் தோல் நிறம் மாறும், சுளை இனிக்காது.

இந்த வாயு பிடிபட்ட கதை பழத்தில் தொடங்கவில்லை, தெருவிளக்கில் தொடங்கியது. நிலக்கரி வாயுவில் விளக்கெரிந்த 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய நகரங்களில், குழாய் கசிந்த இடங்களில் மரங்கள் அகாலத்தில் இலை உதிர்த்தன. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் டிமிட்ரி நெல்யுபோவ் என்ற மாணவர், வாயு விளக்கெரியும் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த பட்டாணி முளைகள் மேல்நோக்கி வளராமல் பக்கவாட்டில் படர்வதைக் கவனித்தார். வெளிக்காற்றில் வைத்தால் நேராக வளர்ந்தன. வாயுவில் உள்ள எத்திலீன்தான் காரணம் என்று 1901இல் எழுதினார். கலிபோர்னியாவில் பச்சை எலுமிச்சையை மண்ணெண்ணெய் அடுப்பு எரியும் அறையில் வைத்து மஞ்சளாக்குவது வழக்கம். வெப்பம்தான் மஞ்சளாக்குகிறது என்று நினைத்து நவீன அடுப்புக்கு மாறியவர்கள் ஏமாந்தார்கள். வேலை செய்தது வெப்பமல்ல, புகையில் இருந்த எத்திலீன் என்பது 1920களில் தெளிவானது. பழமே இந்த வாயுவைத் தயாரிக்கிறது என்பதை ஆப்பிள்களை வைத்து 1934இல் நிரூபித்தவர் இங்கிலாந்தின் ரிச்சர்ட் கேன். எந்த வழியில் தயாரிக்கிறது என்ற புதிரின் முக்கிய முடிச்சு அவிழ்ந்தது 1979இல். அவிழ்த்தவர்கள் தைவானில் பிறந்த ஷாங் ஃபா யாங்கும் அவரது சக ஆய்வாளரும்.

இனி கல்.

சுண்ணாம்பையும் கரியையும் மின் உலையில் சுமார் 2,000 டிகிரி செல்சியஸில் உருக்கினால் கிடைப்பது கால்சியம் கார்பைடு. 1892இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் தாமஸ் வில்சன் அலுமினியம் தயாரிக்கும் முயற்சியில் இருந்தபோது கிடைத்த உபரி வரவு அது. சாம்பல் நிறக் கல். தண்ணீர் பட்டால் சீறிக்கொண்டு அசிட்டிலீன் வாயுவை விடும். மிச்சம் நீர்த்த சுண்ணாம்பு. அசிட்டிலீன் பிரகாசமாக எரியும். அதனால் மின்கல விளக்கு வரும்வரை உலகெங்கும் உலோகச் சுரங்கங்களில் தொழிலாளியின் தொப்பியில் எரிந்தது கார்பைடு விளக்குதான். மேல் அறையில் தண்ணீர், கீழ் அறையில் கல், முன்னால் சுடர். விளக்கு போய்விட்டது, கல் போகவில்லை. ஆக்சிஜனோடு சேர்த்து எரித்தால் இரும்பையே வெட்டும் சுடர் தருவதால் வெல்டிங் பட்டறைகளில் அது இன்றும் வேண்டியிருக்கிறது. பழ வியாபாரத்துக்குத் தடை செய்யப்பட்ட பொருள் பழ வியாபாரியின் கைக்கு எப்படிப் போகிறது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. பட்டறைக்குச் சட்டப்படி வரும் சரக்கு பக்கவாட்டில் நழுவுகிறது.

அசிட்டிலீனும் இரண்டு கார்பன் அணு கொண்டதே. எத்திலீனைவிட இரண்டு ஹைட்ரஜன் குறைவு. ஜாடை ஒத்திருப்பதால் காய் ஏமாந்து போகிறது. எத்திலீன் வந்துவிட்டதாக எண்ணிப் பழுக்கத் தொடங்குகிறது. ஆனால் அசல் உத்தரவைவிடப் பல மடங்கு செறிவு தேவை. அதனால்தான் பொட்டலம் பொட்டலமாகக் கல்லைப் பெட்டிக்குள் செருகுகிறார்கள். காயிலிருந்து கசியும் ஈரமே வாயுவைக் கிளப்பப் போதுமானது.

இதில் நஞ்சு எங்கே? அசிட்டிலீனை முதல் குற்றவாளியாகச் சொல்ல முடியாது. தொழிற்சாலைக் கார்பைடு சுத்தமான பொருளல்ல. சுண்ணாம்பிலும் கரியிலும் இருந்த பாஸ்பரஸும் ஆர்செனிக்கும் அதில் தங்கிவிடுகின்றன. கல் நனையும்போது அசிட்டிலீனோடு பாஸ்பீன், ஆர்சீன் என்ற கொடிய வாயுக்களும் சிறிய அளவில் வெளிவருகின்றன. கார்பைடு பெட்டியைத் திறந்தால் அடிக்கும் பூண்டு நாற்றம் இந்தக் கலப்படத்தின் கையெழுத்து. சுத்தமான அசிட்டிலீனுக்கு அந்த நாற்றம் கிடையாது. பழத்தின் மேல் தங்கும் தூள் வேறு வாயையும் தொண்டையையும் எரிக்கும். பழத்தைச் சாப்பிடுபவரைவிட அதிக ஆபத்தில் இருப்பவர், மூடிய கிடங்கில் வெறுங்கையால் பொட்டலம் கட்டி அடுக்கும் கூலித் தொழிலாளி. அவரை யாரும் "கல்லு வெச்சதா?" என்று கேட்பதில்லை. பூட்டிய அறையில் அசிட்டிலீன் சேர்ந்தால் ஒரு பீடி நெருப்பும் விபத்தாக முடியலாம்.

பழைய உணவுக் கலப்படத் தடுப்பு விதிகள் கார்பைடைத் தடுத்தன. 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளும் தடுக்கின்றன. கோடைதோறும் கோயம்பேட்டிலும் மற்ற சந்தைகளிலும் அதிகாரிகள் சோதனை நடத்திக் கூடை கூடையாகப் பழங்களை அழிப்பதும், புகைப்படம் பத்திரிகையில் வருவதும் சடங்குபோல நடக்கின்றன. அடுத்த கோடையிலும் அதே புகைப்படம்.

ஏன்? விடை ரசாயனத்தில் இல்லை, விலையில் இருக்கிறது. பருவத்தின் முதல் வாரங்களில் வரும் மாம்பழத்துக்குக் கிடைக்கும் விலை பின்னால் கிடைக்காது. ஆகவே முற்றாத காய் பறிக்கப்படுகிறது. தானாகப் பழுக்காது என்பதால் தடி தேவைப்படுகிறது. கார்பைடு மலிவான தடி. பருவம் முழு வீச்சுக்கு வந்தபின் சந்தையில் காய் குவிந்து விலை சரியும். 2025 ஜூனில் நடந்ததை ஸ்ரீனிவாசபுரம் மறக்காது. தோத்தாபுரி விலை அடிமட்டத்துக்குப் போன சமயத்தில், கூழ் ஆலைகள் நிறைந்த பக்கத்துச் சித்தூர் மாவட்டம் கர்நாடகத் தோத்தாபுரி உள்ளே வரக்கூடாது என்று தடை போட்டது. கர்நாடக முதல்வர் ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுதும் அளவுக்கு விவகாரம் போனது. பருவத்தின் நடுவில் இப்படி ஒரு கதி காத்திருக்கும்போது, 'பத்து நாள் பொறுத்துப் பறி' என்று விவசாயிக்கு உபதேசம் செய்வது சுலபம். அந்தப் பத்து நாளுக்கு யார் உத்தரவாதம் என்பதுதான் அவருடைய கேள்வி.

சட்டம் ஒரு நல்ல வழியையும் திறந்து வைத்திருக்கிறது. எத்திலீன் வாயுவையே 100 பிபிஎம் வரை, அதாவது பத்தாயிரம் பங்கு காற்றில் ஒரு பங்கு வரை, பயன்படுத்த இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் அனுமதித்தது. வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்திய அறையில் காய்களை அடுக்கி, ஒரு நாளோ சற்று அதிகமோ வாயுவைக் காட்டி, பிறகு காற்றோட்டம் விட்டால் காய் தன் வேலையைத் தானே தொடரும். எத்திலீன் காற்றில் 2.7 சதவீதத்தைத் தாண்டினால் தீப்பற்றும். 100 பிபிஎம் என்பது 0.01 சதவீதம்தான். முறையாக நடத்தும் அறையில் ஆபத்தும் இல்லை, பழத்தில் நஞ்சும் மிஞ்சாது. பழத்துக்கு வெளியிலிருந்து கொடுக்கிற வாயுவுக்கும் பழமே சுரக்கிற வாயுவுக்கும் மூலக்கூறு அளவில் எந்த வேற்றுமையும் இல்லை.

எத்திபான் என்ற திரவத்தின் கதை இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. செடிக்குள் போனால் எத்திலீனாகச் சிதையும் பொருள் அது. கன்னியாகுமரி, கேரளப் பக்கத்து ரப்பர் மரங்களில் பால் கூடுதலாக வடியவும், அன்னாசிச் செடிகள் ஒரே சமயத்தில் பூக்கவும் உதவுவது. அதிலிருந்து எத்திலீன் வாயுவை வருவித்துக் காய்களுக்குக் காட்டுவதை விதிமுறை ஏற்கிறது. வாளியில் கரைத்து மாங்காயையும் வாழைத்தாரையும் நேரடியாக முக்குவதை ஏற்பதில்லை. ஆணையம் இதை 2025 மே மாதத்தில் மறுபடியும் எச்சரிக்க வேண்டி வந்தது. முக்குவது அறை கட்டுவதைவிட மலிவு என்பதைத் தவிர வேறு காரணம் தேவையில்லை.

பழுக்க வைக்கும் அறைகளில் செலவாகும் எத்திலீன், உலகம் தயாரிக்கும் எத்திலீனில் ஒரு துளிகூட இல்லை. நாஃப்தாவையோ ஈத்தேன் வாயுவையோ நீராவியோடு 800 டிகிரிக்கு மேல் சூடாக்கி உடைத்து, ஆண்டுக்கு 15 கோடி டன்னுக்கும் அதிகமாக எத்திலீனை உலகம் தயாரிக்கிறது. கரிம வேதிப்பொருள்களில் இவ்வளவு பெரிய அளவில் தயாராவது வேறொன்றைக் காண்பது அரிது. சாராயத்திலிருந்தும் எடுக்கலாம். எத்தனாலிலிருந்து தண்ணீரை உருவிவிட்டால் மிஞ்சுவது எத்திலீன். கரும்பாலை மொலாசஸ் மலிவாகக் கிடைத்த காலத்தில் இந்தியத் தொழிற்சாலைகள் சில இந்த வழியில்தான் பிளாஸ்டிக் தயாரித்தன.

1933 மார்ச்சில் இங்கிலாந்தின் ஐசிஐ கம்பெனியில் எரிக் பாசெட், ரெஜினால்டு கிப்சன் இருவரும் எத்திலீனைப் பயங்கர அழுத்தத்தில் வேறொரு பொருளோடு சேர்க்கப் பார்த்தார்கள். சேரவில்லை. பாத்திரத்தின் அடியில் மெழுகு போன்ற வெள்ளைப் பொருள் ஒட்டியிருந்தது. எத்திலீன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து நீளச் சங்கிலியாகிவிட்டன. அதுதான் பாலிதீன். 1953இல் ஜெர்மனியின் கார்ல் சீக்லர் குறைந்த அழுத்தத்திலேயே உறுதியான பாலிதீன் செய்யும் வழியைக் கண்டார்; பத்து ஆண்டு கழித்து நோபல் பரிசு வந்தது.

கோலார் மாவட்டத்தில் வற்றாத ஆறு கிடையாது. ஆயிரம் அடிக்கும் கீழே போன ஆழ்துளைக் கிணறுகளை வைத்துத்தான் இங்கே விவசாயம். ஒவ்வொரு சொட்டையும் செடியின் வேருக்குக் கொண்டுபோகும் கறுப்புக் குழாய் பாலிதீன். தண்ணீரை வயலுக்குக் கொண்டுவரும் பிவிசி குழாய் எத்திலீனோடு குளோரின் சேர்ந்த வாரிசு. ஆசியாவின் பெரிய தக்காளிச் சந்தைகளுள் ஒன்றான கோலார் சந்தைக்குத் தக்காளி வந்து சேரும் பெட்டியும் அதே குடும்பத்துப் பிளாஸ்டிக். பெட்டிக்குள் இருக்கும் தக்காளியோ வழி நெடுக எத்திலீனைச் சுரந்துகொண்டே வடநாட்டுக்குப் போகிறது. நிறம் திரும்பும் பருவத்தில் பறித்தால் ஊர் போய்ச் சேரும்போது சிவந்திருக்கும். நன்றாகப் பழுத்தது ஒன்று கலந்துவிட்டால் பெட்டியே கனிந்துவிடும். 2023 ஜூலையில் 15 கிலோப் பெட்டி 2,000 ரூபாயைத் தாண்டி விற்ற நாள்களில் அந்த ஒரு பழத்தின் விலை என்னவென்று விவசாயிகளுக்குத் தெரியும்.

சுரங்கத்துக்கும் இந்த வாயுவின் சொந்தம் உண்டு. எத்திலீனை ஆக்சிஜனோடு சேர்த்தால் எத்திலீன் ஆக்சைடு. அதோடு தண்ணீர் சேர்ந்தால் எத்திலீன் கிளைக்கால். பாலியஸ்டர் புடவையும் தண்ணீர் பாட்டிலும் இதன் வழிவந்தவை. கிளைக்காலை நைட்ரிக் அமிலத்தோடு சேர்த்தால் வெடிமருந்து. நைட்ரோகிளிசரின் குளிரில் உறைந்து ஆபத்தாகாமல் இருக்க இதைக் கலப்பது சுரங்க வெடிமருந்துத் தொழிலின் நெடுநாள் வழக்கம். வெடிமருந்தைக் கையாண்டவர்களுக்கு மண்டையைப் பிளக்கும் தலைவலி வந்ததற்கு, ரத்தக் குழாய்களை விரித்துவிடும் இந்த இரண்டும்தான் காரணம். தங்க வயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28இல் மூடின. நைட்ரோகிளிசரின் வகை வெடிமருந்துகளுக்கு இந்தியா 2004இல் விடை கொடுத்தது.

இந்தக் குடும்பத்தில் சாந்தமானவர்களும் உண்டு, கொலைகாரர்களும் உண்டு. எத்திலீன் ஆக்சைடு இல்லாவிட்டால் மருத்துவமனையின் பிளாஸ்டிக் ஊசிகளையும் குழாய்களையும் கொதிக்க வைக்காமல் கிருமி நீக்குவது கஷ்டம். அதே பொருள் மசாலாத் தூளில் தங்கினால் புற்றுநோய் அபாயம். 2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் சில இந்திய மசாலாக்களை நிறுத்தியது அதற்காகத்தான். கிளைக்கால் தயாரிப்பில் உடன் பிறப்பது டை எத்திலீன் கிளைக்கால்; இனிப்பானது, சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்வது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்து ஒன்றில் 48.6 சதவீதம் அந்த நஞ்சு இருந்தது 2025 அக்டோபரில் தெரியவந்தது. அதற்குள் மத்தியப் பிரதேசத்தில் அதைக் குடித்த குழந்தைகள் இறக்கத் தொடங்கியிருந்தார்கள். பலியானவர்கள் இருபதுக்கும் மேல்.

பழத்தில் இருக்கும் வாயுவையும் மருந்தில் கலந்த நஞ்சையும் உறவுமுறை சொல்லி ஒன்றாக்கிவிட முடியாது. ஒரே ஒரு ஆக்சிஜன் அணு கூடினாலும் குணம் தலைகீழாகிறது. பொருளின் பெயரைக் கேட்டுப் பயப்படுவதைவிட மூன்று கேள்விகள் கேட்பது மேல்: இது சுத்தமானதா? எவ்வளவு? சோதித்தது யார்? கார்பைடு முதல் கேள்வியிலேயே தோற்றுவிடுகிறது. கணக்காகக் காட்டிய எத்திலீன் முதல் இரண்டிலும் தேறுகிறது. இருமல் மருந்து விவகாரத்தில் மூன்றாவது கேள்விக்குத்தான் பதில் இல்லாமல் போனது.

வீட்டில் செய்யக் கூடியதும் கொஞ்சம் இருக்கிறது. மாங்காயைக் காகிதப் பையிலோ வைக்கோலிலோ வைத்து, கூடவே பழுத்த வாழைப்பழம் ஒன்றைப் போட்டால் போதும். பழுக்க வைக்கும் அறை தயார். கீரையையும் வெள்ளரியையும் பழக்கூடைக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது, எத்திலீன் பட்டு மஞ்சளாகும். எங்கும் ஒரே சீரான மஞ்சள், கை வைத்தால் கல் மாதிரி இறுக்கம், வாசனையே இல்லை என்றால் பழம் அவசரத்தில் பிறந்தது என்று சந்தேகப்படலாம். தண்ணீரில் மிதந்தால் கல் வைத்தது, மூழ்கினால் நல்லது என்று ஒரு சோதனை பரவலாகச் சொல்லப்படுகிறது. அது கல்லைக் காட்டிக்கொடுக்கும் சோதனையே அல்ல. முற்றிய காயின் அடர்த்தி தண்ணீரைவிடச் சற்று அதிகம், அதனால் மூழ்கும்; முற்றாதது மிதக்கும். அது சொல்வது காய் பறித்த நாளைப் பற்றி. தோட்டத்தில் பறிப்பவர்களுக்கு இன்னும் எளிய அடையாளம் உண்டு: காம்பைச் சுற்றித் தோள் எழும்பியிருந்தால் முற்றியது.

அறை கட்டக் காசுள்ள பெரிய வியாபாரி எத்திலீனுக்கு மாறிக்கொண்டிருக்கிறார். சிக்கல் தள்ளுவண்டிக்காரரிடமும் பத்துக் கூடை சரக்கு எடுக்கும் சின்னக் கடைக்காரரிடமும் இருக்கிறது. அவரால் அறை கட்ட முடியாது. பொட்டலம் வாங்க முடியும். கூடைக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்துப் பழுக்க வைத்துக்கொள்ளும் பொது அறையைச் சந்தைக்குள்ளேயே நடத்தினால் கல்லுக்கு வேலை குறையும். மாவு மில்லில் காசு கொடுத்து அரைத்து வருவதுபோலத்தான் இதுவும். தங்கம் போனபின் விடிகாலை ரயிலேறி பெங்களூரில் வேலை செய்துவிட்டுத் திரும்பும் குடும்பங்கள் நிறைந்த ஊரில், மலிவான பழம் நல்ல பழமாகவும் இருக்க வேண்டும் என்பது ஆடம்பரக் கோரிக்கை அல்ல.

ஆனால் எவ்வளவு நல்ல அறையும் ஒரு வேலையைச் செய்யாது. மாவுச்சத்து சேர்வதற்கு முன்பே பறித்த காயில் சர்க்கரையாக மாறுவதற்கு ஒன்றும் இருப்பதில்லை. எத்திலீன் அதற்கு மஞ்சள் பூசும், மெத்தென்று ஆக்கும், இனிக்க வைக்காது. பிஞ்சை இனிக்க வைக்கிற வாயு பழத்திலும் இல்லை, தொழிற்சாலையிலும் இல்லை. அந்தப் பத்து நாளை மரத்துக்குத்தான் கொடுக்க வேண்டும்.